தனித்தொட்டி

வேங்கைவயலைப் பற்றிப் பெரிய பத்திரிகைகளும் சரி, நம் பத்திரிகைகளும் சரி, ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. தொட்டியில் பீயைக் கலந்தது யார்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே கிடக்கிறது. அந்தத் தொட்டி ஏன் அங்கே தனியாக நின்றது? ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி என்று அரசாங்கப் பணத்தில், பொறியாளர் கையெழுத்தில், ஒப்பந்தக்காரர் வைத்துக் கட்டிக்கொடுக்கிறார்களே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? இந்த இதழின் தலையங்கம் அந்தத் தொட்டியைப் பற்றியது.

புதிதாக வரும் மாணவத் தோழர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி. 2022 டிசம்பரில் வேங்கைவயல் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. குடிக்கிற தண்ணியைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். டிசம்பர் 26 அன்று ஆட்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்க்கிறார்கள். 10,000 லிட்டர் தொட்டி. உள்ளே மனித மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வருகிறார்கள். விசாரிக்கப் போன இடத்தில் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது தெரிகிறது, அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாது என்பது தெரிகிறது. அதிகாரிகளே சனங்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். வழக்குகளும் போட்டார்கள். தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் கண்ணில் குவளையும் கோயிலும் பட்டுவிட்டன. மூன்றும் ஒரே சங்கதிதான் என்று சனங்களுக்கு முன்னமே தெரியும், அதிகாரிகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. டி.என்.ஏ. சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களிடமே இரத்தம் கேட்பதா என்று மறுத்தவர்கள் இருந்தார்கள், அதுவும் நீதிமன்றம் வரை போனது. ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் உயர் நீதிமன்றம் ஒருநபர் ஆணையம் அமைத்தது. இரண்டு வருசம் ஓடியது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேர், மூவரும் அதே வேங்கைவயல் தலித்துகள். ஊராட்சித் தலைவரின் கணவரோடு இருந்த முன்விரோதம் காரணம் என்றது காவல்துறை. சனங்கள் ஒப்பவில்லை. சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்று விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட்டுகளும் கேட்டார்கள். வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரணக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது.

குற்றப்பத்திரிகை தீர்ப்பு ஆகாது. அந்த மூன்று பேர் செய்தார்களா இல்லையா என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆனால் நீதிமன்றம் மாறியதன் பொருளை நாம் புரிந்துகொண்டாக வேண்டும். 1989 ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்துகிற ஊற்று, நீர்த்தேக்கம், வேறெந்த நீர்நிலையானாலும் அதை அசுத்தப்படுத்திப் பயன்பாட்டுக்கு ஆகாமல் செய்வது குற்றம் என்கிறது அது. 2015 திருத்தத்திலும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு சட்டம் எழுத வேண்டி வந்தது என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. தண்ணீரை அசுத்தப்படுத்துவது எல்லா நாட்டிலும் குற்றம். இன்னாருடைய தண்ணீர் என்று பார்த்து அசுத்தப்படுத்துவதைத் தனிக் குற்றமாக எழுதிவைத்தது இந்த நாடு. அப்படி நடக்கிறது என்று தெரிந்துதானே எழுதினார்கள். அதே சட்டம், குற்றம் செய்தவர் பட்டியல் சாதியினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே குற்றம் சாட்டப்பட்டவர் தலித் என்றான அந்த நிமிடத்தில் வன்கொடுமை என்கிற சொல்லே வழக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இரட்டைக் குவளை, கோயில், தனித்தொட்டி எல்லாம் ஒரு ஓரமாகப் போய், நாலு பேர் சண்டையில் நடந்த அசிங்கமாகச் சுருங்கிவிடுகிறது.

சுருங்க விடக்கூடாது என்பதற்காகத்தான் தொட்டியைப் பற்றிப் பேசுகிறேன். கலந்தவன் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். கலந்தால் அது சேரிக்காரர் வயிற்றுக்கு மட்டும்தான் போகும், ஊர்க்காரர் ஒருவர் வாயிலும் படாது என்கிற உறுதியை அவனுக்குக் கொடுத்தது எது? தனித்தொட்டி கொடுத்தது.

இதை விளக்க ஒரு வெளிநாட்டுச் சங்கதி சொல்ல வேண்டும். 1892 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்தது. 8,000 பேருக்கும் மேல் செத்தார்கள். ஹாம்பர்க்கை ஒட்டியே அல்டோனா என்று இன்னொரு ஊர். இரண்டும் எல்ப ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. ஹாம்பர்க் மேல்புறத்தில் எடுத்து அப்படியே குழாயில் விட்டது. அல்டோனா கீழ்புறத்தில், ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு எடுத்தது. எடுத்த தண்ணீரை மணலில் மெதுவாக வடிகட்டிக் கொடுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அல்டோனா பெரிய சேதமில்லாமல் தப்பியது. இரண்டு ஊரும் ஒட்டுகிற இடத்தில் தெருவின் ஒரு பக்கம் காலரா, மறுபக்கம் இல்லை. காற்றும் மண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், குழாய் மட்டும் வேறு. காலரா காற்றில் வரவில்லை, தண்ணீரில் வருகிறது என்பதற்கு ராபர்ட் கோக் இதைத்தான் சாட்சியாக வைத்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஆற்றின் கீழ்க்கோடியில் இருக்கிறவன் அழுக்குத் தண்ணியைத்தான் குடித்தாக வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை, வடிகட்டினால் மேல்கோடிக்காரனை விட நல்ல தண்ணி குடிக்கலாம் என்பது ஒன்று. இன்னொன்று இதைவிட முக்கியம். குழாய் பிரிந்தால் சாவும் பிரியும். அய்ரோப்பாவின் நகரங்கள் ஏழைக்கும் சேர்த்துத் தண்ணீரைச் சுத்தம் செய்தது ஏழை மேல் கொண்ட பிரியத்தால் இல்லை. ஒரே குழாயில் ஏழையின் காலரா பணக்காரன் வீட்டுக்கும் வந்தது, அந்தப் பயம்தான் செய்ய வைத்தது. நம் ஊர்களில் அந்தப் பயமே தேவைப்படாதபடி ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள். தொட்டியைப் பிரித்துவிட்டால் சேரித் தண்ணி நாறினாலும் ஊர் நிம்மதியாகத் தூங்கலாம். சாதி இந்துக்களுக்குத் தனித்தொட்டி ஒரு தடுப்பூசி மாதிரி.

தனித்தொட்டி நேற்று வந்ததில்லை, அதற்கு முன்னோடி தனிக்கிணறு. 1924 இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் இவற்றை யாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அதே காலத்தில் மாகாண அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனியாகக் கிணறு வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பொதுக்கிணற்றில் உனக்கு உரிமை உண்டு என்று ஒரு கை எழுதுகிறது, இந்தா உனக்குத் தனிக்கிணறு என்று இன்னொரு கை வெட்டுகிறது. இரண்டில் எது நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்பேத்கர் இதை அப்போதே பார்த்துவிட்டார். 1932 இல் காந்தியாரின் தீண்டாமை ஒழிப்பு அமைப்பு தொடங்கப்பட்டபோது தக்கர் பாபாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுப்பது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்வது போன்ற குடியுரிமைகளுக்காக இயக்கம் நடத்துங்கள், அதனால் மோதல் வந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். மோதல் வேண்டாம் என்று நினைத்தவர்கள் கிணறு வெட்டுவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மோதல் தவிர்க்கப்பட்டது. தீண்டாமையும் பத்திரமாகத் தவிர்க்கப்பட்டது, ஒழிக்கப்படுவதிலிருந்து.

மகத் குளத்தின் கதை எல்லோருக்கும் தெரியும் என்றாலும் தண்ணீர்ச் சுத்தம் என்கிற கோணத்தில் ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம். பம்பாய் சட்டமன்றத்தில் 1923 இல் போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, மகத் நகராட்சி 1924 இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்ததாக அறிவித்தது. காகிதத்தில்தான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மாடு குடிக்கலாம், மற்ற மதத்தார் குடிக்கலாம், இவர்கள் குடித்ததும் குளம் தீட்டாகிவிட்டது. திரும்பி வந்தவர்களை அடித்தார்கள். பிறகு குளத்தைச் சுத்தப்படுத்தினார்கள். எப்படி? 108 பானை. சாணி, மூத்திரம், பால், தயிர் கலந்து மந்திரம் ஓதிக் குளத்தில் ஊற்றினார்கள். குடிக்கிற தண்ணீரில் மாட்டுச் சாணியையும் மூத்திரத்தையும் ஊற்றிவிட்டு, இப்போது குளம் சுத்தம் என்று எல்லோரும் அள்ளிக் குடித்தார்கள்!

சிரித்துவிட்டுப் போகிற விசயம் இல்லை இது. தண்ணீரைப் பற்றி இரண்டு விதமான அறிவு இந்த நாட்டில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கிறது. ஒன்று, தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது. மற்றது, தண்ணீரை யார் தொட்டது என்று பார்ப்பது. பார்ப்பனியத்தின் தீட்டுக் கணக்கில் சாணி சுத்தம், மனிதன் அசுத்தம். இந்தக் கணக்கைப் பாடத்திட்டத்தில் விஞ்ஞானம் படித்த பொறியாளரும் மருத்துவரும்கூட வீட்டுக்குப் போனதும் அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். மகத்தில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள், குளம் எங்கள் சொந்தம் என்றார்கள். 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் வாதத்தைத் தள்ளியது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருசம்.

இனி, முதல் வகை அறிவு. நம் தோழர்கள் இதில் பலவீனமாக இருக்கிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. மனுதர்மத்தைக் கட்டுடைக்கத் தெரிந்த நமக்கு, நம் தெருத் தொட்டியில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அதை வாளித் தண்ணியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி, ஒருமணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். அப்படியும் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை, அய்.எஸ். 10500. அந்த மிச்சம்தான் வழியில் புகுகிற கிருமியைக் கொல்லும். சோதித்துப் பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. ஒரு சின்னக் குப்பியில் தண்ணியை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏறவில்லையென்றால் மருந்து போடவில்லை, அல்லது போட்டது செத்துப்போன பவுடர். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து ஈரத்தில் போட்டுவைத்தால் வீரியம் போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். எத்தனை ஊராட்சி அலுவலக மூலையில் அப்படி வாய் திறந்த மூட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

தொட்டியைப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதிப்போட வேண்டும். அண்ணாந்து பாருங்கள். போன மழைக்காலத்துத் தேதி இருக்கும். அல்லது தேதிக்கென்று கட்டம் மட்டும் இருக்கும்.

இன்னும் ஒன்று. குளோரின் எதையும் சுத்தமாக்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. மலமும் சேறும் கலந்த தண்ணியில் குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. அமீபா போன்றவற்றின் கூடுகள் வழக்கமான அளவு குளோரினுக்கு மசிவதும் இல்லை. நிலத்தடி நீரில் ஏறியிருக்கும் நைட்ரேட்டுக்குக் குளோரினும் ஒன்றும் செய்யாது, கொதிக்க வைப்பதும் ஒன்றும் செய்யாது. கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? உரத்திலிருந்தும், கக்கூஸ் குழியிலிருந்தும், சாக்கடை தேங்கும் பள்ளத்திலிருந்தும். சேரியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கம். அந்தப் பள்ளத்திலேயே நமக்கு ஆழ்துளைக் கிணறும் போட்டுக்கொடுக்கிறார்கள்.

சரி, தொட்டி ஒன்றாக இருக்கிற ஊர்களில் மட்டும் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. அங்கே குழாய் பேசும். குழாய் ஊர்த்தெருவில் தொடங்கிச் சேரியில் முடிகிறது. வழியில் பெரிய வீடுகள் குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகின்றன. கடைக்கோடிக்கு வரும்போது நூல் மாதிரி வரும். குளோரினும் வழியிலேயே தீர்ந்திருக்கும். தண்ணி விடுவதை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அந்த நேரத்தில் விரிசலுக்கு வெளியே தேங்கி நிற்கிற சாக்கடை உள்ளே இழுக்கப்படும். மறுநாள் குழாய் திறந்ததும் முதல் குடத்தில் அதுதான் வரும். கலங்கல் போகட்டும் என்று நம் பெண்கள் இரண்டு குடம் கீழே கொட்டிவிட்டுப் பிடிக்கிறார்கள். கலங்கல் போகும், கிருமி போகாது. இதில் யாரும் தொட்டி மேல் ஏறவில்லை, யார் மேலும் வழக்குப் போட முடியாது. குழாய் போட்ட வரைபடமே செய்துவிடுகிறது. 2019 இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றார்கள். குழாய்களை எண்ணினார்கள். அந்தக் குழாய் வரிசையின் வாலில் யார் வீடு இருக்கிறது என்பதை எண்ணவில்லை.

போன கோடையில் ஒரு காலனியில் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். தனித்தொட்டி கூடாது, பொதுத்தொட்டிதான் வேண்டும் என்று நான் இதே மாதிரி நீட்டி முழக்கினேன். ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், எழுந்து நின்றார். “தம்பி, நீ சொல்றது சரிதான். ஆனா நான் பொதுக் கொழாய்ல நின்னவ. என் கொடத்தைத் தள்ளி வெச்சுட்டு அவுங்க கொடத்தை வெப்பாங்க. கொழாயைக் கழுவிட்டுப் புடிப்பாங்க, என் கண்ணு முன்னாடியே. இப்போ இந்தத் தொட்டி வந்தப்புறம் யார் மூஞ்சியிலயும் முழிக்காம தண்ணி புடிக்கிறேன். அதையும் எடுத்துட்டு மறுபடி அங்க போய் நிக்கச் சொல்றியா?” என்றார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. எனக்கும் உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்த அம்மா கேட்டதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு. நாமும் தனித்தொட்டியை விரும்பிக் கேட்டிருக்கிறோம், மனுக் கொடுத்திருக்கிறோம், சாலை மறியல் செய்து வாங்கியிருக்கிறோம். என் சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றடியில் என் ஆயா குடத்தோடு ஒதுங்கி நிற்பார். தண்ணி இறைக்க வருகிறவர்களில் மனசு வந்த ஒருவர் உயரத்திலிருந்து ஊற்றுவார். சில நாள் மத்தியானம் வரை நிற்க வேண்டியிருக்கும். தெருவுக்குள் அடிபம்பு வந்தபோது ஆயா அதற்குக் குங்குமம் வைத்தார். அந்தக் குங்குமத்தை இயக்கத்தின் பெயரால் நான் கேலி செய்ய முடியாது. தனித்தொட்டி என்பது அவமானத்திலிருந்து ஒதுங்கி நின்று மூச்சுவிடக் கிடைத்த இடம். அதே இடம்தான், விசம் வைக்க வருகிறவனுக்கு வசதியான இடமாகவும் ஆகிவிட்டது.

யோசித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய பதில் இது. பொதுவாக இருக்க வேண்டியது தொட்டி. வரிசையில் போய் நிற்கிற பொதுக்குழாய் தேவையில்லை. ஒரே தொட்டி, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனிக் குழாய். அந்த அம்மா யார் மூஞ்சியிலும் முழிக்க வேண்டாம். ஆனால் அவர் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணிதான் ஊராட்சித் தலைவர் வீட்டுக் குழாயிலும் வரும். அதில் மருந்து போடாவிட்டால் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. அப்போது பாருங்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டை எப்படிக் காய்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று. வால்வு யார் கையில் இருக்கிறது என்பது அடுத்த சண்டை. தொட்டி இயக்குபவர் வேலை ஊருக்கே பட்டா போட்டதா? எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் திறக்கப்படும் என்று எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். குழாயின் வாலில் இருக்கிற நம் தெருவுக்கு ஊரைத் தாண்டாமல் தொட்டியிலிருந்து நேர்க்குழாய் கேட்க வேண்டும்.

இதற்கு எதிராகச் சில தோழர்கள் சொல்வார்கள்: ஒரே தொட்டி என்றால் ஊர் சம்மதிக்காது, கலவரம் வரும். வரலாம். 1932 இலும் இதைத்தான் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் 15 ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறைகளில் பாகுபாடு கூடாது என்று 1950 முதல் சொல்கிறது. ஊரின் சம்மதம் பெற்றுக்கொண்டு என்று அதில் எழுதவில்லை. அரசாங்கம் தன் பணத்தில் இரண்டு தொட்டி கட்டும்போது அந்தப் பிரிவுக்கு என்ன ஆகிறது என்று உயர் நீதிமன்றத்தில் கேட்க நம் வழக்கறிஞர் தோழர்கள் முன்வர வேண்டும்.

சுத்தம் செய்கிற கைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தண்ணீரைக் கெடுப்பது ஒருவர், அதைச் சுத்தம் செய்யச் சாவது இன்னொருவர் என்பது கிராமத்தோடு நிற்கவில்லை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தையும் கிணறுகளையும் என்ன செய்தது என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே எழுதியது. கெடுத்தவன்தான் விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில்தான் இங்கே அழுத்தமாக நின்றது. தோல் தீட்டு, தோலைத் தொட்டவர் தீட்டு. தோலில் வந்த அந்நியச் செலாவணிக்கு மட்டும் தீட்டு இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். 2015 ஜனவரி கடைசியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி இரவில் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த மேற்கு வங்கத்துக்காரர்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யக் கட்டிய இடம் அது.

நகரத்துச் சாக்கடைக் குழிகள் வேறு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013 இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014 இலும், 30 லட்சம் என்று 2023 இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகை ஏறியிருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றியதோடு அரசாங்கம் தன் கடமை முடிந்ததாக நினைக்கிறது. ஊர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக் கழுவுவதும் பல இடங்களில் நம் ஆட்கள்தான். கழுவும்போது தொட்டிக்குள் முழு உடம்போடு இறங்கலாம். கழுவி முடித்த பிறகு அந்தத் தொட்டித் தண்ணியை ஒரு தம்ளர் கேட்டால்தான் தீட்டு.

வேங்கைவயல் மக்களுக்குப் பிறகு லாரியில் தண்ணி வந்தது, புதுக் குழாய் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். தொட்டியைக் கழுவி மருந்து போட்டுவிட்டால் குடிக்கலாமே என்று ஒரு அதிகாரி மாதிரி யோசிக்கிறவர்கள் உண்டு. ரசாயனப்படி பார்த்தால் குடிக்கலாம்தான். அந்தத் தொட்டித் தண்ணியைக் குடிக்க மாட்டோம் என்று சொன்ன சனங்களிடம் போய் 0.2 மில்லிகிராம் கணக்குச் சொல்ல என்னால் முடியாது.

வாசகத் தோழர்களிடம், குறிப்பாக விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களிடம், ஒரு வேலை கேட்கிறேன். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் எத்தனை தொட்டி, எந்தத் தொட்டி எந்தத் தெருவுக்கு. தொட்டிக்கு மூடியும் பூட்டும் இருக்கிறதா, ஏணி யார் வேண்டுமானாலும் ஏறுகிற மாதிரி இருக்கிறதா. கடைசியாகக் கழுவிய தேதி என்ன. இயக்குபவர் எந்தத் தெரு. குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. தண்ணியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, முடிவு என்ன என்று ஊராட்சிக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். விஞ்ஞானம் படிக்கிற தோழர்கள் ஊர்த்தெருக் குழாயிலும் நம் தெருக் கடைசிக் குழாயிலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் தண்ணி எடுத்துக் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் தரநிலை. வந்த முடிவை ஊர்ப் பெயர், ஒன்றியம், தேதியோடு நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை இதற்கென்று காலியாக வைக்கிறோம்.